மூன்றாவது ஓட்டை

சுவரில் பிளக் மாட்டுகிற இடத்தில் மூன்று ஓட்டை இருந்தால் போதும் என்று நினைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். மேலே பெரியதாக ஒன்று, கீழே சிறியதாக இரண்டு. கீழே இருக்கிற இரண்டும் கரண்ட் வருவதற்கும் போவதற்கும். மேலே இருக்கிற அந்த மூன்றாவது எதற்கு என்று நான் எத்தனையோ படித்தவர்களைக் கேட்டிருக்கிறேன். பாதிப் பேர் விழிப்பார்கள். மீதிப் பேர், பிளக் ஆடாமல் நிற்பதற்கு என்பார்கள். அது மண்ணுக்குப் போகிற வழி. இஸ்திரிப் பெட்டிக்குள் ஓடுகிற கரண்ட் தப்பித் தவறி வெளி இரும்பில் ஏறிவிட்டால், தொடுகிற ஆளின் உடம்பு வழியாக இறங்காமல், ஒரு கம்பி வழியாக நேரே மண்ணில் இறங்கிவிட வேண்டும். அந்தக் கம்பி மண்ணைத் தொடாமல் ஓட்டை மட்டும் இருந்தால் அது வழி அல்ல, பச்சைப் பொய். அந்தப் பொய் என் அக்காவை என்ன செய்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

யுத்தம் முடியப் போகிற சமயம் அது. நான் சேலத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. என்னைவிட ஆறு வயது மூத்த அக்கா என்னோடு இருந்தாள். திருச்செங்கோட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்த நாலாவது வருஷமே புருஷன் இறந்துபோய்விட்டார். மாமியார் வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கச் சொன்னார்கள். மூலையில் உட்காருகிற ஆள் இல்லை அவள். ஒரு தகரப் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்து இறங்கி, தையல் கற்றுக்கொண்டு, ஒரே வருஷத்தில் எங்கள் சந்தில் இருந்த பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். கத்தரியைத் துணியில் வைத்தால் நடுவில் நிறுத்த மாட்டாள். அளவு எழுதி வைக்கிற பழக்கமும் கிடையாது. வந்தவளை ஒரு தடவை முதுகுப்பக்கம் திருப்பிப் பார்த்தால் போதும்.

அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. இஸ்திரி போடாத ரவிக்கையை அவள் யார் கையிலும் கொடுத்ததில்லை. கரி போடுகிற பித்தளைப் பெட்டி ஒன்று வைத்திருந்தாள். வெள்ளைத் துணியில் கரித்தூள் விழுந்துவிடும், மறுபடி துவைக்க வேண்டும். தண்ணீருக்கு எங்கே போவது? சேலத்தில் அந்த நாளில் ஒரு குடம் தண்ணீருக்குத் தெருக் குழாயில் பாதி நாள் நின்றிருக்கிறோம். அதனால் ஒரு துணியில் கரி விழுந்தால் அன்றைக்கு முழுவதும் அக்கா யாரோடும் பேச மாட்டாள்.

ஊருக்குத் திரும்பிப் போகிற ஒரு வெள்ளைக்கார அதிகாரி வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். அங்கேதான் அந்த மின்சார இஸ்திரிப் பெட்டி எனக்குக் கிடைத்தது. கறுப்பு மரக் கைப்பிடி, பளபளவென்று அடிப்பாகம், துணி சுற்றிய ஒயர், அதன் முனையில் மூன்று கால் உள்ள தடித்த பிளக். அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். அதை மாட்டத்தான் எங்கள் வீட்டில் இடம் இல்லை.

நாங்கள் குடியிருந்தது கடைவீதிக்குப் பின்னால் ஒரு பழைய வீடு. ஊருக்குக் கரண்ட் வந்த புதிதில் ஒயர் இழுத்திருந்தார்கள். சுவரோடு ஒரு மரச்சட்டம் ஓடும், அதற்குள் இரண்டு ஒயர். கூடத்தில் வெள்ளைப் பீங்கானில் ஒரு பிளக் பாயிண்ட், அதில் இரண்டே ஓட்டை. மேஜை விளக்கு மாட்டுவதற்கு அது போதும். இரும்பு உடம்பு உள்ள இஸ்திரிப் பெட்டிக்குப் போதாது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு ஒயரையும் நேரே ஓட்டையில் விட்டுத் தீக்குச்சியை வைத்து அடித்துவிட்டால் ஆயிற்று என்றார். அவர் வீட்டில் ரேடியோ அப்படித்தான் பாடிக்கொண்டிருந்தது. மூன்றாவது ஒயரை என்ன செய்வது என்று கேட்டேன். அது சும்மா தொங்கட்டும் என்றார்.

சும்மா தொங்குவதற்கா ஒருவன் மெனக்கெட்டு ஒரு ஒயரைக் கூடுதலாகச் சேர்த்துச் செய்திருப்பான்? பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு மறுநாள் கரண்ட் ஆபீசுக்குப் போனேன். அங்கே ஒரு குமாஸ்தா, நான் போகிறதாக இல்லை என்று தெரிந்ததும், அச்சடித்த விதித் தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நான் அதை அங்கேயே நின்று இரண்டு தரம் படித்தேன். பழைய வீடுகளில் பிளக் பாயிண்டை மாற்றினால் என்ன செய்ய வேண்டும் என்று அதில் தெளிவாக இருந்தது. மூன்று ஓட்டைப் பாயிண்ட் வைப்பதானால் மூன்றாவது ஓட்டைக்குத் தனிக் கம்பி இழுத்து அதை மண்ணில் சேர்க்க வேண்டும். மண்ணில் குழி தோண்டி இரும்புக் குழாய் இறக்கி அதில் கட்டலாம். இல்லாவிட்டால், மண்ணுக்குள் ஓடுகிற தண்ணீர்க் குழாயில் கட்டலாம். இரண்டுக்கும் வழி இல்லாத வீட்டில் இரண்டு ஓட்டையே இருக்க வேண்டும், அதில் இரும்புச் சாமான் எதையும் மாட்டக் கூடாது. வேலையை லைசென்ஸ் உள்ள ஒயர்மேன் செய்ய வேண்டும், ஆபீசிலிருந்து ஆள் வந்து சோதித்த பிறகுதான் உபயோகிக்க வேண்டும். அவ்வளவுதான். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற விஷயம்.

வீட்டுக்காரர் ஊருக்கு வெளியே ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் புதிதாகப் பங்களா கட்டிக்கொண்டு போயிருந்தார். நாமக்கல் பக்கத்து மனுஷர், பேச்சில் மரியாதைக்குக் குறைவே இருக்காது. நான் விதியைச் சொன்னதும் சிரித்தார். ரெண்டு பொம்பளைங்க இருக்கிற ஊட்டுக்கு இத்தனை எதுக்குங்க டீச்சரம்மா என்றார். யுத்த நேரத்தில் செம்புக் கம்பிக்கு எங்கே போவது என்றார். கொல்லையில் குழி தோண்டினால் சுவர் இறங்கிவிடும் என்றார். நான் எழுந்திருக்கவில்லை. கடைசியில், "மூணு ஓட்டைதானுங்களே வேணும்? போடச் சொல்லிடறேன், போங்க" என்றார். நான் கேட்டது ஓட்டை அல்ல, மண். அது அவருக்கு அப்போதும் புரியவில்லை, பிறகும் புரியவில்லை.

இங்கே எங்கள் வீட்டுக் குழாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். பின்கட்டில், தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, சுவரில் ஒரு பித்தளைக் குழாய் இருந்தது. முனிசிபாலிடித் தண்ணீர் வீட்டுக்கு வீடு வரப் போகிறது என்று ஒரு காலத்தில் பேச்சு இருந்ததாம். வருவதற்கு முன்பே வீட்டுக்காரர் குழாயை மாட்டிவிட்டார். குழாய் உள்ள வீடு என்று சொல்லித்தான் எங்களுக்கும் விட்டார். தண்ணீர் வரவில்லை. எங்கள் சந்தில் இப்படி நாலு வீட்டில் குழாய் இருந்தது, எந்த வீட்டிலும் ஒரு சொட்டு வந்ததில்லை. அதற்காகக் குழாய் வீணாகப் போகவில்லை. எல்லார் வீட்டிலும் கை துடைக்கிற ஈரத் துண்டை அதில்தான் மாட்டுவார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அக்கா வாரத்துக்கு ஒரு முறை புளி போட்டு அதை விளக்கி வைப்பாள்.

ஒயர்மேன் வந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத மனுஷர். பீங்கானைக் கழற்றிவிட்டுப் புதிதாக மூன்று ஓட்டைப் பாயிண்ட் வைத்தார். மூன்றாவது ஓட்டையிலிருந்து ஒரு செம்புக் கம்பியைச் சுவரோடு இழுத்துப் பின்கட்டுக்குக் கொண்டுபோய், அந்தப் பித்தளைக் குழாயின் கழுத்தில் நாலு சுற்றுச் சுற்றி முறுக்கினார். நான் விதித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தேன். குழாயில் கட்டலாம் என்று விதியில் இருக்கிறது, குழாயில் கட்டியாயிற்று என்று நினைத்தேன். அவர் மட்டும் என் முகத்தைப் பார்க்காமல், "ஊட்டுக்காரர் குழி வேண்டாம்னுட்டாருங்க" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த வார்த்தையில் அவர் எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நான்தான் கேட்கவில்லை. ஆறு வருஷமாக நான் துண்டு மாட்டுகிற குழாய், சொட்டுத் தண்ணீர் வராத குழாய். தண்ணீர் வராத குழாய் மண்ணுக்குள் எங்கே போகும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். பிள்ளைகளுக்குப் பூகோளமும் விஞ்ஞானமும் சொல்லிக்கொடுக்கிறவள் நான். என் மேல் எனக்கு இருக்கிற கோபம் வீட்டுக்காரர் மேல் இருக்கிறதற்குக் குறைந்தது அல்ல.

சோதிக்க ஆபீசிலிருந்து ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். ஆத்தூர்க்காரர், நல்ல மாதிரியாகப் பேசுவார். கையில் ஒரு பெரிய தோல் பை. அதைக் கொண்டுவந்து அக்கா துணி வெட்டுகிற மேஜையில், வெட்டி வைத்த துணியின் மேலேயே வைத்தார். அக்கா அதைத் தூக்கி முக்காலியில் வைத்துவிட்டு, இத்தனை கனமாக இருக்கிறதே, உள்ளே கல்லையா வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். எல்லாம் சோதனைச் சாமான் என்றார். பிளக் பாயிண்டைப் பென்சிலால் இரண்டு தட்டுத் தட்டினார். ஓட்டைகளை எண்ணினார். சத்தியமாக எண்ணினார், நான் பார்த்தேன். பிறகு செம்புக் கம்பியைக் கண்ணாலேயே பின்தொடர்ந்து பின்கட்டுக்கு வந்து, குழாயில் சுற்றியிருந்ததைப் பார்த்துத் தலையாட்டினார்.

கையில் சுவர்த் தூசி ஒட்டியிருந்தது போல. கழுவுவதற்காகக் குழாயைத் திருகினார். ஒன்றும் வரவில்லை. தண்ணீர் எத்தனை மணிக்கு விடுகிறார்கள் என்று கேட்டார். "அது வெறுங் கொழாயிங்க சார். துண்டு மாட்டறதுக்கு" என்றாள் அக்கா. அவர் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். அக்கா செம்பில் தண்ணீர் மொண்டு ஊற்ற, அவர் கை கழுவிக்கொண்டு, குழாயில் தொங்கிய துண்டையே எடுத்துத் துடைத்துக்கொண்டு, மறுபடி அதிலேயே மாட்டிவிட்டு, கூடத்துக்கு வந்து எல்லாம் விதிப்படி இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பை முக்காலியில் இருந்தபடியே இருந்தது. போகும்போது எடுத்துக்கொண்டு போனார்.

அப்புறம் சில மாதங்கள் நன்றாகத்தான் போயிற்று. அதைச் சொல்லாவிட்டால் பாவம். அக்கா சந்தோஷமாக இருந்தாள். ஒரு மரப்பலகையின் மேல் சாக்கை மடித்துப் போட்டு, அதில் நின்றுகொண்டு, சாயங்காலம் வரை தேய்த்துக்கொண்டிருப்பாள். கரி இல்லை, புகை இல்லை. மீதியிருந்த அரை மூட்டைக் கரியைக் கொல்லை மூலையில் கட்டி வைத்துவிட்டாள். சந்துக்கு வெளியே இருந்தும் துணி வர ஆரம்பித்தது. கல்யாண வீட்டுத் துணியெல்லாம் வந்தது.

பங்குனி வெயிலில் ஒரு நாள், "சாமி, அந்தக் கொழாய்ல கைய வெச்சா எறும்பு கடிச்சாப்புல சுருக்குங்குது" என்றாள். என்னைக் கண்ணு என்பாள், சில சமயம் சாமி என்பாள். நான் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். புளி போட்டுத் தேய்த்த கையில் வெடிப்பு இருக்கும், அதுதான் எரிகிறது என்றேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. இஸ்திரிப் பெட்டியின் கழுத்தில் ஒயர் நுழைகிற இடத்தில், துணிச்சுற்று தீய்ந்து, உள்ளே இருந்த கம்பி பெட்டியின் இரும்பை உரச ஆரம்பித்திருந்தது. பலகை மேல் நின்று மரக் கைப்பிடியைப் பிடித்துத் தேய்த்ததால் பெட்டி அவளை ஒன்றும் செய்யவில்லை. மண்ணுக்குப் போகிற வழி நிஜமாகவே இருந்திருந்தால், உரசின உடனே பியூஸ் போயிருக்கும். அக்கா கரண்டைத் திட்டியிருப்பாள், நான் ஒயர்மேனைக் கூப்பிட்டிருப்பேன், அதோடு விஷயம் முடிந்திருக்கும். எங்கள் வீட்டில் அந்தக் கம்பி கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகவில்லை. நாங்கள் ஈரத் துண்டு மாட்டுகிற குழாயில் கொண்டுபோய் வைத்திருந்தது.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம். எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அக்கா கரண்டை அணைக்காமல் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, வேர்க்கிறது என்று சொல்லிப் பின்கட்டுக்குப் போனாள். தொட்டியில் மொண்டு முகத்தில் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தம் வந்தது. அது கூப்பிடுகிற சத்தமும் இல்லை, அழுகிற சத்தமும் இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால், ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றுகொண்டு, துண்டும் குழாயும் சேர வலது கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள். விட முடியவில்லை. கண் என்னைப் பார்க்கிறது, வாய் திறக்கவில்லை.

அவளைப் பிடித்து இழுக்கத்தான் கை போயிற்று. எப்படி நிறுத்திக்கொண்டேன் என்று தெரியாது. கூடத்துக்கு ஓடி ஒயரைப் பிடித்து இழுத்தேன், பிளக் சுவரை விட்டு வந்தது. திரும்பி ஓடினபோது அக்கா தொட்டியோரமாக விழுந்து கிடந்தாள். மூச்சு இருந்தது. கையை விரித்துப் பார்த்தேன். உள்ளங்கையில் குழாயின் திருகு பதிந்த இடம் வெந்திருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்தார்கள். உயிர் பிழைத்ததே பெரிது என்று டாக்டர் சொன்னார். புண் ஆறியது. ஆனால் தோல் இழுத்துக்கொண்டு, சுண்டுவிரலும் மோதிரவிரலும் நடுவிரலும் உள்ளே மடங்கிவிட்டன. வீட்டுக்கு வந்த அன்றைக்கு அக்கா முதலில் செய்த காரியம், மேஜைக்குப் போய்க் கத்தரியை எடுத்தது. கட்டை விரல் நுழைந்தது. மற்ற விரல்கள் நுழையவில்லை. இரண்டு தடவை முயற்சி செய்துவிட்டு, கத்தரியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, சோறு ஆக்கப் போய்விட்டாள்.

நான் பக்கத்து வீட்டில் கடப்பாரை வாங்கிவந்தேன். குழாயைச் சுற்றிச் சுவரை இடித்தேன். சுண்ணாம்புக் காரை பொலபொலவென்று உதிர்ந்தது. குழாய் கையோடு வந்துவிட்டது. அதன் பின்னால் ஒரு சாண் நீளத்துக்கு இரும்புக் குழாய், அதன் வாயில் கந்தைத் துணி சுற்றிய ஒரு மரக்கட்டை அடைப்பு. அவ்வளவுதான் அது போன தூரம். மண்ணைத் தொடவே இல்லை. மண்ணின் திசையில்கூடத் திரும்பவில்லை.

அதை அப்படியே ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு கரண்ட் ஆபீசுக்குப் போய், பெரிய அதிகாரியின் மேஜையில், அவருடைய காகிதங்களின் மேலேயே வைத்தேன். காரை உதிர்ந்ததில் அவருக்கு வருத்தம். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொடுத்த தாளைத் தேடி எடுத்துப் பார்த்தார். விதியில் குழாயில் கட்டலாம் என்றுதானே இருக்கிறது, இது குழாய்தானே, அதில் தண்ணீர் வர வேண்டும் என்று எங்கும் எழுதவில்லையே என்றார். மனசாட்சி உள்ள ஒரு மனுஷன், ஒரு பெண்ணின் கை போனதைக் கேட்டுவிட்டுச் சொல்கிற பதிலா இது? அவருடைய விதித் தாளை அவருக்கே படித்துக் காட்டினேன். மண்ணுக்குள் ஓடுகிற தண்ணீர்க் குழாய் என்று இருந்தது. மண்ணுக்குள் ஓடுகிற என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, அவர் வாயால் அதைப் படிக்கிற வரைக்கும் விரலை எடுக்கவில்லை. படித்தார். விசாரிக்கிறேன் என்றார். விசாரித்ததாக எனக்குத் தெரியாது.

வீட்டுக்காரர் ஆப்பிள் பழத்தோடு அக்காவைப் பார்க்க வந்தார். இப்போது அவருக்கும் விதி தெரிந்திருந்தது. பழைய வீட்டுக்கு இரண்டு ஓட்டையே போதும் என்று சட்டமே சொல்கிறதாம், பழையபடி பீங்கானையே மாட்டிவிடுகிறேன், இஸ்திரிப் பெட்டியை யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பழத்தைத் தூக்கி வாசலில் எறிந்திருப்பேன். அக்காதான் முந்திக்கொண்டாள். "அந்தப் பொட்டி எம்படதுங்க. நான் தேய்ச்சுத்தான் பொழைக்கோணும். தோண்டிக்கறதுக்கு எடத்த மட்டும் காட்டுங்க" என்றாள். அவர் கொல்லையைக் காட்டிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் அந்த ஒயர்மேன் நின்றுகொண்டிருந்தார். யாரும் கூப்பிடவில்லை. தோளில் மண்வெட்டி, ஓர் ஆள் உயரத்துக்கு இரும்புக் குழாய். அக்காவின் கையை ஒரு தடவை பார்த்தார். "தெரிஞ்சேதான் கட்டுனனுங்க" என்றார். வேறு சமாதானம் எதுவும் சொல்லவில்லை. அவர் மேலும் எனக்குக் கோபம் இருந்தது, இன்னும் இருக்கிறது. ஆனால் இந்த விவகாரத்தில் இருந்த எத்தனையோ ஆண்களில் அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

மத்தியானம் வரைக்கும் தோண்டினார். குழாயை நடுவில் இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட வேண்டும் என்றார். கரிக்கு அலையவில்லை. பழைய இஸ்திரிப் பெட்டிக்கு என்று அக்கா கட்டி வைத்திருந்த அரை மூட்டைக் கரி அத்தனையும் அந்தக் குழியில் போயிற்று. செம்புக் கம்பியைக் கூடத்திலிருந்து இழுத்துக்கொண்டு வந்து அந்தக் குழாயில் திருகாணி போட்டு இறுக்கினார். இஸ்திரிப் பெட்டியைப் பிரித்து, தீய்ந்த ஒயரை எடுத்துவிட்டுப் புது ஒயர் போட்டார். காய்ந்த மண்ணில் கரண்ட் சரியாக இறங்காது, காயாமல் இருக்கக் குழியில் தினம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சேலத்தில் தினம் ஒரு குடம். சந்தில் எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் வீட்டில் மண்ணுக்குத் தண்ணீர் காட்டுகிறார்கள் என்று பேச்சு. தெருக் குழாயில் கூடுதலாக ஒரு முறை நின்று, இடது இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு வந்து, அக்கா ஊற்றினாள். ஒரு நாள்கூட விட்டதில்லை. இடது கையால் கத்தரி பிடிக்கவும் அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தாள். கோடு கோணலாகப் போகும். கோணலாகப் போன துணியை நான் பார்க்கிறதற்கு முன்னால் ஒளித்து வைப்பாள். நடுவில் நிறுத்தாமல் வெட்டுகிற அந்தச் சத்தத்தை அப்புறம் நான் கேட்டதில்லை.

பாயிண்டை மறுபடி சோதித்து எழுதிக் கொடுக்காமல் உபயோகிக்க மாட்டேன் என்று நான் ஆபீசுக்கு எழுதிப் போட்டேன். மூன்று கடிதத்துக்குப் பிறகு அதே இன்ஸ்பெக்டர் வந்தார், அதே தோல் பையோடு. அக்காவிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். நிஜமான வருத்தம்தான், நடிப்பு என்று சொல்ல மாட்டேன். பிறகு சுவரைப் பார்த்தார். மூன்று ஓட்டையும் இருந்தது. பென்சிலை எடுத்தார். நம்புவீர்களா? மேஜையில் தாளை விரித்து எழுதவே ஆரம்பித்துவிட்டார்.

நான் தாளின் மேல் கையை வைத்தேன். கொல்லையில் குழி இருக்கிறது, அதைப் பார்க்க வேண்டாமா என்றேன். குழி வெட்டியதுதான் எனக்குத் தெரியுமே என்றார். எது தெரியும், கம்பி நடுவில் அறுந்திருந்தால் தெரியுமா, திருகாணி கழன்றிருந்தால் தெரியுமா, போன தடவையும் தெரியும் என்றுதானே எழுதினீர்கள் என்று கேட்டேன். என் குரல் சந்து முனை வரைக்கும் கேட்டிருக்கும். அதை உறுதியாகத் தெரிந்துகொள்ள வழி உண்டா, இல்லையா என்று கேட்டேன். உண்டு என்றார்.

பையைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு சாதாரண விளக்கை எடுத்தார். நம் வீட்டில் எரிகிற அதே பல்புதான், அதிலிருந்து இரண்டு துண்டு ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஒயரின் முனையைக் கரண்ட் வருகிற ஓட்டையில் வைத்தார். இன்னொரு முனையை மேலே இருக்கிற மூன்றாவது ஓட்டையில் வைத்தார். கம்பி நிஜமாகவே மண்ணைத் தொட்டால் விளக்கு எரியும், தொடாவிட்டால் எரியாது என்றார். ஸ்விட்சைப் போட்டார். எரிந்தது. வெயில் அடிக்கிற கூடத்தில் அது எரிவது நன்றாகவே தெரிந்தது. அணைத்துவிட்டு ஒயரை எடுத்துவிட்டார். வேலை முடிந்துவிட்டது. ஒரு ரவிக்கையை மடித்து வைக்கிற நேரம்கூட ஆகவில்லை.

அக்கா இத்தனை நேரமும் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அதைப் பைக்குள் வைக்கப் போனபோது மெதுவாகக் கேட்டாள்.

"ஏனுங்க சார், அன்னைக்கு வந்தப்பவும் இது பைக்குள்ளதான் இருந்துதுங்களா?"

அவர் ஒயரை விளக்கின் மேல் சுற்றினார்.

"இருந்துச்சும்மா" என்றார்.

அன்றைக்கு அந்தப் பையை மேஜையிலிருந்து தூக்கி முக்காலியில் வைத்தவள் அக்காதான், நன்றாக இருந்த அந்த வலது கையால்.